இரண்டு வானம் தெரிந்தவர்கள்



ஐப்பசி பிறந்துவிட்டால் கரிக்கலாம்பாக்கத்திலும் சுற்றுப்பட்டு ஊர்களிலும் வெளிநாட்டு அழைப்புகள் கூடிவிடுகின்றன. பாரிசிலிருந்தும் ரியூனியனிலிருந்தும் துபாயிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் கூப்பிடுகிற பிள்ளைகள், உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்பதற்கு முன்பே மழையைக் கேட்டுவிடுகிறார்கள். “ஏரி ரொம்பிடுச்சாம்மா? வாய்க்கால் தண்ணி ரோட்டுக்கு ஏறுதா? மாட்ட எங்க கட்டியிருக்கீங்க?” ஊர்ப்பக்கம் வந்து பல வருடம் ஆனவர்கூட எந்த மதகுக்கு எப்போது ஆபத்து, எந்தத் தெருவில் முதலில் முழங்கால் தண்ணீர் நிற்கும் என்பதை மறக்காமல் வைத்திருக்கிறார்.

அவர்கள் இருக்கும் ஊரின் வானத்தைப் பற்றி நாம் திருப்பிக் கேட்பது குறைவு. “அங்க குளுருதா?” என்று ஒரு கேள்வி, “ஆமாம்மா, குளுருதான்” என்று ஒரு பதில், அத்தோடு பேச்சு வேறு பக்கம் போய்விடும். அந்த ஊரில் எந்த மாதம் மழை பெய்யும், எந்தப் பக்கத்துக் காற்றுக்குச் சன்னலை அடைப்பார்கள், குழாயில் தண்ணீர் நின்றுபோனால் யாரிடம் போய்ச் சொல்வார்கள், வெயிலில் வேலை செய்கிறவருக்கு நடுப்பகலில் ஓய்வு உண்டா? நம் வீட்டுப் பிள்ளை ஒருவர் வாழும் ஊரைப் பற்றி இவையெல்லாம் நமக்குத் தெரியாமலே இருக்கின்றன. இந்த மாதப் பக்கத்தை அதற்காக எடுத்துக்கொள்கிறேன். நான் பேசப்போவது மத்திய தரைக்கடல் தீவான சிசிலியையும், அதன் தலைநகர் பலெர்மோவில் வாழும் தமிழர்களையும் பற்றி.

அங்கே இருப்பவர்களில் பெரும்பாலோர் நம் புதுச்சேரிப் பக்கத்தார் அல்லர். யாழ்ப்பாணத்திலிருந்தும் அதன் சுற்றுவட்டாரத்திலிருந்தும் போனவர்கள். 1983 ஜூலையில் இலங்கையில் நடந்த கொடுமைக்குப் பிறகு உலகமெங்கும் சிதறியவர்களில் ஒரு பகுதியினர் இத்தாலிக்குப் போய்ச் சேர்ந்தார்கள். ஜெர்மனிக்கோ பிரான்சுக்கோ போகிற வழியில் இறங்கியவர்கள் சிலர் அங்கேயே நின்றுவிட்டார்கள். 1990-இல் இத்தாலியில் வந்த ஒரு சட்டம், பத்திரம் இல்லாமல் இருந்த வெளிநாட்டவர் பலருக்கு முறைப்படி தங்கும் வழியைத் திறந்தது. இன்று இத்தாலியில் தமிழர் அதிகம் வாழும் நகரங்களில் பலெர்மோ ஒன்று. வீட்டு வேலை, முதியவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை, கடை, உணவகம் என்று அவர்கள் பிழைப்பு நடக்கிறது. பிள்ளைகள் பள்ளியில் இத்தாலியம் படிக்கிறார்கள், தெருவில் சிசிலி மொழி பேசுகிறார்கள், வார இறுதியில் தமிழ் வகுப்புக்குப் போகிறார்கள்.

பலெர்மோவின் பழைய சந்தை பல்லாரோ. மீனும் காய்கறியும் கூவி விற்கும் அந்தச் சந்தைப் பக்கத்தில் இலங்கை, வங்காளதேசம், ஆப்பிரிக்க நாடுகள் என்று பல தேசத்துச் சாமான்கள் கிடைக்கின்றன. அந்த ஊரின் தெருவோரத் தின்பண்டங்களில் எல்லோரும் விரும்புவது ‘பனெல்லே’. கடலைமாவைத் தண்ணீரில் கரைத்து, களியாகக் கிண்டி, ஆறவைத்து, மெல்லிய வில்லைகளாக வெட்டி எண்ணெயில் பொரித்து, ரொட்டிக்குள் வைத்துக் கொடுப்பார்கள். கடலைமாவு வாசனை வருகிற தெருவில் தமிழர் ஒருவர் அந்நியமாக நிற்க முடியாது என்பது என் எண்ணம்.

நமக்கு வியப்பான செய்தி ஒன்று உண்டு. பலெர்மோவில் மழை பெய்வதும் ஏறத்தாழ நம் மழைக்காலத்தில்தான். கோடை முழுவதும் வானம் வெறிச்சென்று இருக்கும். ஜூன், ஜூலை, ஆகஸ்டில் சொட்டு விழுந்தால் அதிகம். அக்டோபரில் மேகம் கூடி, குளிர்காலம் முழுக்க மழை விட்டு விட்டுப் பெய்யும். மத்திய தரைக்கடல் நாடுகளின் இயல்பு இது. நமக்கும் யாழ்ப்பாணத்துக்கும் வடகிழக்குப் பருவமழை ஐப்பசியிலும் கார்த்திகையிலும் வருகிறது. காரணம் வேறு, காற்று வேறு, ஆனால் மாதம் ஒன்று. பாரிசுக்குப் போன நம் பிள்ளைகளுக்கு இந்த வசதி இல்லை. அங்கே வருடம் முழுவதும் தூறிக்கொண்டே இருக்கும். யாழ்ப்பாணத்தில் வளர்ந்து பலெர்மோவில் வாழ்கிறவருக்கு, சின்ன வயதில் குடை எடுத்த மாதத்திலேயே இப்போதும் குடை எடுக்கிற வாழ்க்கை வாய்த்திருக்கிறது.

வெயிலும் அவர்களுக்குப் புதிதல்ல. ஆனால் சகாராவிலிருந்து கடல் தாண்டி வருகிற ‘சிரோக்கோ’ என்ற சூட்டுக்காற்று புதிது. அது அடிக்கும் நாளில் வானம் மஞ்சளித்துப்போகும், வண்டிகளின் மேல் செம்மண் தூசு படியும், இரவிலும் சூடு இறங்காது. பலெர்மோவின் பழைய பணக்காரர்கள் இதற்கென்றே நிலத்துக்கு அடியில் அறை வெட்டி வைத்திருந்தார்கள். அரபுக்காரர்கள் ஆண்ட காலத்திலிருந்து வழிவழியாக வந்த நிலத்தடி நீர்க்கால்வாய்கள் அந்த நகரத்துக்குக் கீழே ஓடுகின்றன. அவற்றின் குளிர்ச்சி படும்படி அந்த அறைகளை அமைத்தார்கள். காற்று அடங்கும் வரை குடும்பம் கீழே இறங்கி உட்கார்ந்துகொள்ளும். அந்த மாளிகைகளில் பல இன்று பார்வையாளர்கள் வந்துபோகும் இடங்கள். மாடி வீட்டில் வேலை செய்கிறவருக்குக் கீழே இறங்க அறை இல்லை. சன்னல் கதவுகளை விடியும்போதே சாத்தி, வீட்டுக்குள் இருட்டைச் சேர்த்து வைக்கிற வித்தையைத்தான் அவர் கற்றுக்கொள்கிறார். கத்திரி வெயிலில் நம் பாட்டிமார் கூடத்தை இருட்டாக்கி வைத்திருந்ததும் இதற்காகத்தான்.

இதுவரை சொன்னது அந்த ஊரின் வழக்கமான வானிலை. பழகிக்கொள்ளலாம், அவர்கள் பழகிக்கொண்டார்கள். கடந்த சில வருடங்களில் நடப்பது பழக்கத்துக்குள் அடங்காதது.

2020 ஜூலை 15. பலெர்மோவின் காவல் தெய்வமான புனித ரொசாலியாவின் திருநாள். கொரோனா காரணமாக அந்த வருடம் பெரிய ஊர்வலம் இல்லை. வெயில் காய வேண்டிய அந்த நாளின் பிற்பகலில் வானம் இருண்டு, இரண்டு மணி நேரத்துக்குள் 10 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. நகரத்தைச் சுற்றிப் போகும் பெருஞ்சாலையின் சுரங்கப்பாதைகள் நிரம்பின. கார்களில் சிக்கியவர்கள் நீந்தி வெளியே வந்தார்கள். 1790-க்குப் பிறகு நகரம் இப்படி ஒரு மழையைக் கண்டதில்லை என்று அப்போதைய மேயர் லெயொலூக்கா ஒர்லாந்தோ சொன்னார். ஜூலையில் மழை வராது என்பது அந்த ஊர்க் கிழவர்கள் ஐயமில்லாமல் சொல்லிவந்த செய்தி. அன்று கிழவர்களும் புதிதாக வந்தவர்களும் ஒரே அளவு திகைத்தார்கள்.

தண்ணீர் போக இடம் இல்லாமல் போனதற்குப் பழைய காரணமும் ஒன்று இருக்கிறது. பாப்பிரெத்தோ, கெமோனியா என்று இரண்டு ஆறுகளுக்கு நடுவில்தான் பழைய பலெர்மோ அமைந்திருந்தது. பிற்காலத்தில் இரண்டையும் மூடி, மேலே தெருவும் வீடும் கட்டிவிட்டார்கள். பார்ப்பவர் கண்ணுக்கு ஆறு இல்லை. மழைத் தண்ணீருக்கு மட்டும் பழைய வழி நினைவிருக்கிறது. 1931-இலும் நகரத்தில் பெரிய வெள்ளம் வந்தது. ஏரியும் தாங்கலும் மனைப்பிரிவாக மாறிவரும் நம் வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் இருப்பவர்கள் இந்தச் செய்தியைத் தூர தேசத்துக் கதையாக வாசிக்க முடியாது.

அடுத்து வெயில். 2021 ஆகஸ்ட் 11 அன்று சிசிலியில் சிராக்கூசா அருகே 48.8 டிகிரி பதிவானது. ஐரோப்பாக் கண்டத்தில் இதுவரை அளக்கப்பட்ட மிக உயர்ந்த வெப்பம் அதுதான் என்று உலக வானிலை அமைப்பு பின்னால் உறுதிசெய்தது. 2023 ஜூலை 24 அன்று பலெர்மோ வானாய்வுக்கூடத்தில் 47 டிகிரி. மறுநாள் நகரத்தைச் சுற்றியிருந்த மலைகள் தீப்பிடித்து எரிந்தன. விமான நிலையத்தைச் சில மணி நேரம் மூடினார்கள். சாந்தா மரியா தி ஜெசு என்ற பழைய தேவாலயத்துக்குள் தீ புகுந்து, அங்கே வைத்திருந்த புனித பெனடிக்டின் உடலை எரித்தது. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட பெற்றோருக்குப் பதினாறாம் நூற்றாண்டில் சிசிலியில் பிறந்து, சமையல்காரத் துறவியாக வாழ்ந்தவர் அவர். ரொசாலியாவோடு சேர்த்து அவரையும் அந்த நகரம் தன் காவலராக ஏற்றிருக்கிறது. அந்நியராக வந்தவர்களின் மகனைக் காவலராக ஏற்ற ஊரில், நெருப்பு அவரையும் விட்டுவைக்கவில்லை என்று படித்தபோது எனக்குத் தாங்கவில்லை.

2024-இல் இதற்கு நேர்மாறான துன்பம். மழை பொய்த்தது. மே மாதம் இத்தாலிய அரசு சிசிலிக்கு வறட்சி நெருக்கடி நிலையை அறிவித்தது. தீவின் நடுவிலிருக்கும் பெர்குசா ஏரி வற்றிப்போனது. ஆகஸ்டில் தென்கரை ஊரான லிக்காட்டாவுக்குக் கடற்படைக் கப்பல் குடிதண்ணீர் கொண்டுவந்து இறக்கியது. அக்டோபரில் பலெர்மோவிலேயே முறை வைத்துத் தண்ணீர் விட ஆரம்பித்தார்கள். அங்கே வீடுகளின் மொட்டைமாடியில் தொட்டி வைத்துச் சேமிப்பது வெகுகாலப் பழக்கம். அந்த வருடம் தொட்டியும் போதவில்லை. தண்ணீர் லாரிக்குக் காத்திருப்பது, வாளி வாளியாகப் பிடித்து வைப்பது, பாத்திரம் கழுவிய தண்ணீரைச் செடிக்கு ஊற்றுவது எல்லாம் நம் பெண்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. ஐரோப்பாவுக்குப் போனால் குழாயைத் திறந்தால் தண்ணீர் என்று நாம் இங்கே உட்கார்ந்து நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

2014-இன் கடைசி நாளில் அதே பலெர்மோவில் பனி பெய்து தெருக்கள் வெளுத்தன என்பதையும் சொல்லிவிடுகிறேன். பனையும் எலுமிச்சையும் வளர்கிற ஊர் அது.

இவற்றுக்கெல்லாம் நடுவில் தமிழர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு மலை ஏறுகிறார்கள். நகரத்துக்கு வடக்கே கடலோரமாக நிற்கும் மோந்தே பெல்லெக்ரினோ. உயரம் சுமார் 600 மீட்டர். அதன் மேலே ஒரு குகைக்குள் ரொசாலியாவின் கோயில். பன்னிரண்டாம் நூற்றாண்டில் செல்வக் குடும்பத்தில் பிறந்து, எல்லாவற்றையும் விட்டு அந்தக் குகையில் தனித்து வாழ்ந்து இறந்த பெண் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. 1624-இல் பலெர்மோவைக் கொள்ளைநோய் பிடித்தது. அப்போது அந்த மலையில் கண்டெடுத்த அவரது எலும்புகளை மறுவருடம் நகரத்தைச் சுற்றி எடுத்துச் சென்றபோது நோய் விலகியது என்பது மக்களின் நம்பிக்கை. ரொசாலியா திருநாளின் 400-ஆவது கொண்டாட்டம் 2024 ஜூலையில் நடந்தது. குகையின் கூரையிலிருந்து எந்நேரமும் தண்ணீர் சொட்டும். அதைத் தாங்கிப் பிடிக்கத் தலைக்கு மேலே உலோகத் தகட்டில் ஓடைபோல வளைத்து வளைத்துப் பொருத்தியிருக்கிறார்கள். அந்தத் தண்ணீரைப் புனிதமாகக் கருதுகிறார்கள்.

கிறிஸ்தவத் தமிழர்கள் மட்டுமல்ல, சைவத் தமிழர்களும் அந்தக் குகைக்குப் போகிறார்கள். ஆராய்ச்சியாளர்கள் பலர் இதை எழுதியிருக்கிறார்கள், இத்தாலியர்கள் வியந்து பேசுகிறார்கள். நமக்கு வியப்பு எதற்கு? இலங்கையில் மடு மாதா கோயிலுக்கு எல்லாரும் போவார்கள். நம் வில்லியனூரில் லூர்து மாதா கோயில் இருக்கிறது. 1877-இல் பிரான்சிலிருந்து கப்பலில் வந்த சிலை அது. கோயில் குளத்துத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துக்கொண்டு போகிறவர்களிடம் யாரும் மதம் கேட்பதில்லை. அதே வில்லியனூரில் திருக்காமீசுவரர் தேரோட்டத்தில் பிரெஞ்சு ஆளுநர்கள் வடம் பிடித்த வழக்கம் இருந்தது. இன்றும் துணைநிலை ஆளுநர் வந்து வடம் தொடுகிறார். வந்த ஊரின் தெய்வத்திடம் போய் நிற்பது, அந்த ஊர்க்காரரிடம் போய் நிற்பதற்கான வழி. மழைக்கும் நோய்க்கும் அந்த ஊர் யாரிடம் முறையிடுகிறதோ அவரிடமே நாமும் முறையிடுகிறோம் என்றால், இந்த ஊரின் வானம் எங்களுக்கும் சேர்ந்தது என்று சொல்லுகிறோம்.

நம் புதுச்சேரிக்கும் மத்திய தரைக்கடலுக்கும் வேறு வகையில் பழைய உறவு உண்டு. இங்கிருந்து பக்கத்திலுள்ள கீழூரில் 1954 அக்டோபர் 18 அன்று 178 பிரதிநிதிகள் கூடி வாக்களித்ததை நம் பிள்ளைகள் பாடத்தில் படிக்கிறார்கள். 170 பேர் இந்தியாவோடு இணைய வேண்டும் என்றார்கள். இணைப்பு ஒப்பந்தம் 1962 ஆகஸ்ட் 16-இல் முழுச் சட்ட வடிவம் பெற்றது. அதிலிருந்து ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்தவர்கள் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்டார்கள். அந்தக் குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் இன்று பிரான்சில் பரவி இருக்கிறார்கள். பிரெஞ்சுப் படையில் இருந்தவர்களின் வீடுகளை இன்றும் ‘சொல்தா’ வீடு என்று அடையாளம் சொல்கிறோம். அந்தக் காலத்தில் கப்பலில் போனவர்கள் பிரான்சில் முதலில் மிதித்த மண் பெரும்பாலும் மர்சேய் துறைமுகம், அதாவது மத்திய தரைக்கடல் கரை.

பிரான்சுக்குச் சொந்தமான கோர்சிக்காத் தீவு அந்தக் கடலில்தான் இருக்கிறது. 2022 ஆகஸ்ட் 18 காலையில் அங்கே ஒரு சூறாவளிக் காற்று சொல்லாமல் கொள்ளாமல் வந்தது. சில இடங்களில் மணிக்கு 220 கிலோமீட்டருக்கும் மேல் வீசியது. விடுமுறைக்கு வந்து கூடாரம் போட்டிருந்தவர்கள் மேல் மரங்கள் விழுந்தன. தீவில் ஐந்து பேர் இறந்தார்கள். எச்சரிக்கை வந்து சேர்ந்தபோது காற்றும் வந்துவிட்டது. ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்கிறேன்: 2011 டிசம்பர் 30 விடியற்காலையில் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறிய ‘தானே’ புயலின் வேகம் சுமார் 140 கிலோமீட்டர். அதற்கே நம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. ஆனால் தானே வரப்போவது நமக்கு முன்பே தெரியும்; வானொலி சொன்னது, மைக்கில் சொன்னார்கள். முன்கூட்டித் தெரிந்ததால் எத்தனை உயிர் பிழைத்தது என்பதைக் கோர்சிக்காவை வைத்துப் பார்த்தால் புரியும்.

புயல் என்றால் வங்காள விரிகுடா என்று நாம் நினைப்போம். மத்திய தரைக்கடலிலும் நடுவில் கண் உள்ள புயல்கள் உருவாகின்றன. 2020 செப்டம்பரில் ‘இயானோஸ்’ கிரேக்கத் தீவுகளை உலுக்கியது. 2021 அக்டோபரில் சிசிலியின் கத்தானியா நகரத் தெருக்கள் ஆறாக ஓடின. 2023 செப்டம்பரில் ‘டேனியல்’ கிரேக்கத்தை மூழ்கடித்துவிட்டுக் கடல் தாண்டி லிபியாவின் தெர்னாவுக்குப் போனது. அங்கே இரண்டு அணைகள் ஒரே இரவில் உடைந்து ஆயிரக்கணக்கானோர் கடலுக்குள் அடித்துச் செல்லப்பட்டார்கள். கடலின் மேற்பரப்பு சூடாக இருக்கும்போது மேலே குளிர்ந்த காற்று வந்து சேர்ந்தால் இப்படிப்பட்ட புயலுக்கு வலு கிடைக்கிறது. 2023 கோடையில் அந்தக் கடலின் சராசரி மேற்பரப்பு வெப்பம் 28 டிகிரியைத் தாண்டியது. அது நம் வங்காள விரிகுடாவின் சூடு.

அணை என்ற சொல் வந்ததும் உங்களுக்கு நினைவு எங்கே போயிருக்கும் என்று தெரியும். 2024 நவம்பர் 30 இரவு ‘ஃபெஞ்சல்’ புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையேறியது. காற்று பெரிதாக இல்லை. ஆனால் கரையேறிய புயல் நகராமல் நம் தலைக்கு மேலேயே நின்றது. டிசம்பர் 1 காலை வரையிலான 24 மணி நேரத்தில் புதுச்சேரியில் சுமார் 48 செ.மீ. மழை. நமக்கு ஒரு வருடத்துக்குக் கிடைப்பதே சராசரி 130 செ.மீ. அளவுதான், பலெர்மோவுக்கு ஒரு வருடம் முழுவதும் கிடைப்பது 60 செ.மீ.க்குச் சற்று மேல். அவர்களின் ஒன்பது மாத மழை நமக்கு ஒரே நாளில் வந்தது.

மழை விட்டது என்று பெருமூச்சு விட்டவர்களுக்கு டிசம்பர் 2-இல் இரண்டாவது அடி. திருவண்ணாமலை மாவட்டத்தில் இருக்கும் சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு 1.68 லட்சம் கன அடி வீதம் தண்ணீர் திறந்துவிட்டார்கள். தென்பெண்ணை கரை தாண்டியது. சோரியாங்குப்பம், கொமந்தான்மேடு என்று பாகூர் கொம்யூனின் ஆற்றோர ஊர்களுக்குள் தண்ணீர் புகுந்தது. வானத்தைப் பார்த்து மழை விட்டது என்று முடிவு செய்தவர்களை, எங்கோ மலைப்பக்கம் பெய்த மழை தேடி வந்தது. கதிர் பிடிக்கும் பருவத்துச் சம்பா முழுகியது, கரும்பு சாய்ந்தது. அந்த நாட்களில்தான் வெளிநாட்டுப் பிள்ளைகள் தூங்காமல் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். இங்கே மின்சாரம் இல்லை, செல்போனில் சார்ஜ் இல்லை. மணி அடித்து அடித்து நிற்கும். அந்தப் பிள்ளைகள் பட்ட வேதனை வெள்ளத்தில் நின்ற நம் வேதனைக்குக் குறைந்ததல்ல.

கார்த்திகைக்குப் பின் மழை இல்லை, கர்ணனுக்குப் பின் கொடை இல்லை என்று பெரியவர்கள் சொல்வார்கள். நானும் சொல்லியிருக்கிறேன். தானே வந்தது மார்கழி நடுவில். அதுவும் முதல் முறை அல்ல. 1761 புத்தாண்டு பிறந்த வேளையில், அதுவும் மார்கழியில், வீசிய புயல், புதுச்சேரியைக் கடலில் முற்றுகையிட்டிருந்த ஆங்கிலேயரின் கப்பல்களைக் கவிழ்த்தது. 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளை, வியாபாரத்தோடும் அரசியலோடும் சேர்த்துப் புயலடித்த இரவுகளையும் குறித்து வைத்திருக்கிறார். பழமொழி மறந்துவிட்டதை எழுத்து மறக்கவில்லை. பலெர்மோவிலும் அப்படித்தான். 1790-இல் அமைத்த வானாய்வுக்கூடம் 1791-லிருந்து வெப்பத்தைக் குறித்து வருகிறது. அதனால்தான் 2023-இல் பதிவான 47 டிகிரி, இருநூற்று முப்பது வருடத்தில் காணாத வெயில் என்று அவர்களால் துணிந்து சொல்ல முடிந்தது.

நான் சொல்ல வருவது இதுதான். ஒரு ஊரின் வானிலையை அந்த ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்ற காலம் போய்க்கொண்டிருக்கிறது. பெரியவர்கள் பார்க்காத மழையும் வெயிலும் வருகின்றன. இந்த நேரத்தில் இரண்டு ஊர் வானத்தைப் பார்த்து வாழ்ந்தவர்களின் அறிவு நமக்கு மிகவும் வேண்டும். யாழ்ப்பாணத்துப் பேய்மழையில் வளர்ந்தவர், பலெர்மோ சுரங்கப்பாதைக்குள் வண்டியை இறக்குவதற்கு முன் ஒரு நிமிடம் யோசிப்பார். சிசிலியின் வறட்சியில் முறைத் தண்ணீரில் குடும்பம் நடத்தியவர், நம் கோடையில் போர் தண்ணீர் உப்பேறும்போது நமக்குச் சொல்ல ஏதாவது வைத்திருப்பார். மால்டாவில் வண்டியோட்டி உணவு கொண்டுபோய்க் கொடுக்கும் இந்திய இளைஞர்கள், சைப்பிரஸில் வீட்டு வேலை செய்யும் இலங்கைப் பெண்கள் என்று அந்தக் கடல் முழுவதும் நம்மைச் சேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். 45 டிகிரி வெயிலில் தெருவில் நிற்கிறவர்கள் அவர்கள்தான், மாடிப்படி ஏறுகிறவர்கள் அவர்கள்தான். வானிலை அறிக்கையில் வரும் எண்களை உடம்பால் அறிந்தவர்கள் அவர்கள். அவர்கள் அனுப்பும் பணத்தைக் கணக்கு வைக்கிறோம். அவர்கள் பட்ட வெயிலையும் மழையையும் நாம் கேட்டறிய வேண்டாமா?

ஆகவே வெளிநாட்டில் இருக்கும் வாசகர்களுக்கு என் வேண்டுகோள். மார்கழி இதழுக்காக நீங்கள் வாழும் ஊரின் வானத்தைப் பற்றி எழுதி அனுப்புங்கள். எந்த மாதத்தில் என்ன காற்று அடிக்கிறது, அங்குள்ள முதியவர்கள் அதை எப்படி முன்கூட்டிச் சொல்கிறார்கள், வெள்ளமோ தீயோ வந்தபோது உங்கள் கதவை முதலில் தட்டியவர் யார், எச்சரிக்கை எந்த மொழியில் வந்தது, அது உங்களுக்குப் புரிந்ததா, வேலை கொடுத்தவர் அன்று வரவேண்டாம் என்று சொன்னாரா. நடை அழகாக இருக்க வேண்டும் என்பதில்லை. குரல் பதிவாகவும் அனுப்பலாம், நாங்கள் எழுதிக்கொள்கிறோம்.

ஊரில் இருப்பவர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. 2024 டிசம்பரில் உங்கள் வீட்டுச் சுவரில் தண்ணீர் எது வரை ஏறியது என்ற கறை இன்னும் அழியாத வீடுகள் இருக்கின்றன. இந்தத் தீபாவளிக்குச் சுண்ணாம்பு அடிப்பதற்கு முன்னால் அந்த உயரத்தைத் தரையிலிருந்து அளந்து, தெருப் பெயரோடு எழுதிக் கொடுங்கள். தண்ணீர் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது, எத்தனை மணிக்கு வந்தது, எந்த வாய்க்கால் அடைத்திருந்தது என்பதும் வேண்டும். வீட்டில் எண்பது தாண்டியவர்கள் இருந்தால், அவர்கள் கண்ட பெரிய வெள்ளம் எது, அப்போது தண்ணீர் எது வரை வந்தது என்று கேட்டு அதையும் சேர்த்துவிடுங்கள். பள்ளிப் பிள்ளைகள் அளவெடுத்துக் கொடுத்தால் அவர்கள் பெயரோடு வெளியிடுவோம். ஊர் ஊராகத் தொகுத்த பட்டியலின் ஒரு பிரதியைக் கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகங்களுக்கு நேரில் கொண்டுபோய்க் கொடுப்பதாக இருக்கிறோம். கார்த்திகை மாதக் கடைசி நாளுக்குள் கிடைத்தால் மார்கழி இதழில் சேர்த்துவிடலாம்.

அன்புடன்,
ஆசிரியர்